முட்டைக்கோஸ் மீது பழி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முட்டைக்கோஸில் நெளியும் பச்சைப் புழு மூளைக்கு ஏறி வலிப்பை உண்டாக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. எங்கள் தெருவில் பலர் கோஸ் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் புழு இலையைத் தின்று வளர்ந்து, பூச்சியாகிப் பறந்துவிடும். மனித உடம்பில் அதனால் வாழ முடியாது.

மூளைக்குப் போவது நாடாப்புழுவின் குஞ்சு. சரியாக வேகாத பன்றி இறைச்சி மூலம் ஒருவர் குடலில் சேரும் நாடாப்புழு, சில மீட்டர் நீளம்கூட வளரும். பெரும்பாலும் அவருக்கு ஒரு தொல்லையும் தெரியாது. அவர் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கை வழியாகவோ கழிவுநீர் பாய்ந்த காய்கறி வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குள் போனால் அங்கே பொரிந்து, குஞ்சுகள் குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலக்கின்றன. மூளையில் தங்கியது கட்டியாகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அந்த மாவட்டத்தில் நடத்திய ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டிதான் காரணமாக இருந்தது.

என் அண்ணன் பேத்திக்கு வலிப்பு வந்து, ஸ்கேனில் அரிசி அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தபோது, "எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லையே!" என்று அண்ணி டாக்டரிடம் வாதாடினார். உறவினர்களோ, பிள்ளை வெளியே எதைத் தின்றாளோ என்று காதுபடப் பேசினார்கள். அந்தப் பேச்சுதான் நோயைவிட அவளை வாட்டியது. பன்றி இறைச்சியையே தொடாத நியூயார்க் யூதர்கள் நால்வருக்கும் இதே நோய் வந்ததை 1992ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் வேலை செய்த ஒருவர் குடலில் நாடாப்புழு இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. பாவம், அது அவருக்கே தெரிந்திருக்காது.

கோஸைப் பொரியல் செய்தால் அந்தச் சூட்டில் முட்டைகள் அழிந்துவிடும். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கேரட், கொத்தமல்லியைத்தான் ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மலம் கழித்த பின்னும் சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அதைவிட முக்கியம்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டியால் ஒரு பிள்ளைக்கு வலிப்பு என்று தெரிந்தால், அந்த வீட்டில் உள்ள அனைவருக்கும், அங்கே சமைப்பவருக்கும் இலவசமாக மலப் பரிசோதனை செய்யுங்கள். குடலில் இருக்கும் நாடாப்புழுவை ஒரே வேளை மருந்தில் ஒழித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆரணி.