மாடிவீட்டுப் பெண்ணின் தாய்மொழி

மதிப்பிற்குரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரிகளுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் கோத்தகிரிப் பக்கம், படுகர். ராத்திரி மொட்டைமாடியில் நின்று ஊருக்குப் பேசுவாள். கீழே பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. ஒருநாள் கேட்டேவிட்டார்: "இன்னா பாஷைம்மா அது?" பால் அவளுக்கு ஹாலு, பட்டி ஹட்டி. "அப்போ கன்னடமா?" என்று நான் வாயைக் கொடுத்தேன். "இல்லண்ணா, படுகு" என்றாள் வெடுக்கென்று.

உங்கள் 2011 அட்டவணையும் என்னைப் போலத்தான். படுகு பேசுவோர் 1,30,000-க்கும் மேல், ஆனால் இடம் கன்னடத்துக்குக் கீழே. நாக்கை மடித்து ஒலிக்கும் உயிரொலிகள் அந்த மொழியில் உண்டு என்று மொழியியலாளர் எமனோ 1939-லேயே எழுதிவிட்டார். இருளர் மொழி தமிழுக்குக் கீழே.

இவர்களுக்காவது ஒரு வரி உண்டு. 2011-இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. நீங்கள் சலித்தெடுத்த மொழிகள் 121. பத்தாயிரம் பேருக்குக் குறைந்தால் 'பிற'. நீலகிரிப் பழங்குடியான தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான், அந்த வரம்பை எந்தக் காலத்தில் தாண்டுவது? ஸகர வகை ஒலியிலேயே நாலு வேறுபாடு காட்டும் மொழி அது. நமக்கு ஒன்றுக்கே கிரந்தம் வேண்டியிருக்கிறது! அதே மலையின் இன்னொரு பழங்குடியான கோத்தரின் மொழிக்கும் இதே 'பிற' கதிதான்.

கோத்தர் கொல்லுப்பட்டறை, தோடர் நெய், படுகர் தானியம் என்று கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில் மலைக்குப் பொதுப்பேச்சாகப் படுகே இருந்தது. இன்று அந்த இடம் தமிழுக்கு. பிள்ளைகள் படிப்பது தமிழிலோ இங்கிலீஷிலோ. இதை நீங்கள் தடுக்க முடியாது, தெரியும். எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று பார்க்க எண்ணாவது வேண்டாமா?

எங்கள் 'கீது'வையும் 'இட்டுனு வா'வையும் கேட்டு ஊரே சிரிக்கும். ஆனாலும் தமிழ்க் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அது எங்களுக்குச் சரி. அதே தாராளத்தை மலைமேல் காட்டாதீர்கள். 2027 கணக்கெடுப்பில் சிறு மொழிகளையும், நீலகிரி மாவட்ட அட்டவணையிலாவது, பேர் சொல்லி வெளியிடுங்கள்.

உங்கள் ஆள் வந்தால் மாடிப்படி ஏறச் சொல்வேன். அந்தப் பெண் 'படுகு' என்று எழுத்துக்கூட்டிச் சொல்லத் தயாராக இருக்கிறாள். அவள் படுகில் கேட்பதற்கெல்லாம் நாலு வயசு மகன் "இன்னாம்மா" என்கிறான். அவனுக்கு என்ன எழுதச் சொல்வது என்றுதான் அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரன்