புது மெஷின் வாங்குவதற்கு முன்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் அப்பா நடவு வேலையில் இருக்கிறார். பவானிக்காரன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை உனக்கும் வரும். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். கடிதம் எழுதவைத்தது நீ பங்காளியிடம் சொல்லியனுப்பிய சேதி. ஆபீஸ் கம்ப்யூட்டர் உறைந்து உறைந்து நிற்கிறதாம், அதைத் தள்ளிவிட்டு ₹60,000-க்குப் புதிதாக ஒன்று எடுக்கப்போகிறாயாம், மாடலை நான் சொல்ல வேண்டுமாம். பெருந்துறைச் சந்தையில் நீ கோழி வாங்கிய விதம் எனக்கு நன்றாக நினைவிருப்பதால், மாடல் எதையும் எழுதாமல் இதை எழுதுகிறேன்.

உன் மெஷினில் நான்கு கோர் புராசஸர் இருக்கிறது. பனியனுக்குப் பிரிண்ட் டிசைன் போடும் வேலைக்கு அது தாராளமாகப் போதும். பெரிய ஃபைலை எக்ஸ்போர்ட் செய்யக் கொடுத்தால் முடித்துத்தானே தருகிறது? அது முடியும்வரை மவுஸ் நகராமல் நிற்பதும், பிரவுசரில் டேப் மாற்றினால் வெள்ளைத் திரை தெரிவதும்தானே உன் புகார்? அப்படியானால் குறை வேகத்தில் இல்லை, யாரைக் காக்கவைப்பது என்ற முறையில் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சாயப்பட்டறையில் பெரிய லாட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது, பையர் இன்றே பார்க்க வேண்டும் என்று கேட்ட சாம்பிளை நீ எடுத்துக்கொண்டு போனால் என்ன நடக்கும்? லாட்டை நிறுத்திவிட்டுச் சாம்பிளை ஓட்டினால் அன்றைய உற்பத்தி குறையும். ஓட்டாவிட்டால் பையர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். உன் மெஷினை நடத்தும் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஒவ்வொரு கணமும் நடப்பது இதே வழக்குத்தான். ஆள் முன்னால் உட்காராத சர்வருக்கும் உன் மேசைக்கும் லினக்ஸ் ஒன்றே என்பதால், தீர்ப்பு எப்போதும் உன் பக்கம் வருவதில்லை.

இதை வெறும் வசதிக்குறைவு என்று தள்ளிவிடாதே. விசையை அழுத்தினால் பத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் பதில் தெரிய வேண்டும் என்று ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் மில்லர் 1968-லேயே எழுதியிருக்கிறார். அதற்கு மேல் தாமதமானால், அழுத்தியது பதிந்ததா இல்லையா என்ற சந்தேகம் மனிதனுக்கு வந்துவிடுகிறது. உடனே இன்னொரு முறை அழுத்துகிறான். உன் டிசைன் பையன் ஒரே வேலையை இரண்டு முறை பிரிண்டுக்கு அனுப்பித் துணியை வீணாக்கினான் என்று எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினாயாமே? பங்காளி வருத்தப்பட்டுச் சொன்னான். அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசு. திரை பதில் சொல்லாமல் நின்றால் நீயும் நானும் அதையேதான் செய்திருப்போம்.

இனி நோய்க்கு வருகிறேன். உன்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம், 7,200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க். டிசைன் போட ஒரு பக்கம் கிம்ப், ஒரு பக்கம் இங்க்ஸ்கேப், பிரவுசரில் வாட்ஸ்அப்போடு கணக்கில்லாத டேப்கள். ரேம் நிரம்பியதும், அதில் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும் தகவலில் கொஞ்ச நேரமாகத் தொடாதவற்றைக் கெர்னல் டிஸ்கில் ஸ்வாப் என்று ஒதுக்கிய இடத்துக்குத் தள்ளிவிடும். நீ அந்த டேப்புக்குத் திரும்பும்போது அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவர வேண்டும். அந்த வேகத்தில் சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கும். தட்டைப் படிக்கும் முள் இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடப்பவற்றில் வினாடிக்கு நூற்றுச் சொச்சம் தடவைதான் படிக்க முடியும். ஒரு பக்கம் 4 கேபி. அப்படியானால் வினாடிக்கு அரை எம்பிகூடத் தேறாது. பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்தே படிப்பதால் நடைமுறையில் அவ்வளவு மோசமில்லை என்றாலும், நீ டீ குடித்துவிட்டு வரும்வரை பிரவுசர் விழிக்காததன் காரணம் இதுதான். சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, சுற்றும் இல்லை. இதே வேலையை அது வினாடிக்குப் பல ஆயிரம் தடவை செய்யும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீயே பார்த்துக்கொள். 2018-இன் இறுதியில் வந்த 4.20 கெர்னல் முதல், நினைவகத்துக்கும் டிஸ்குக்கும் புராசஸருக்கும் காத்திருந்தே கழிந்த நேரம் எவ்வளவு என்று கெர்னலே தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. மெஷின் உறையும் சமயத்தில் அந்த எண்களைப் பார்க்கும் கட்டளையைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நினைவகத்துக்கான வரிசையில் எண் ஏறினால் நோய் நான் சொன்னதுதான். ஏறாமல் புராசஸருக்கான வரிசை மட்டும் ஏறினால் எனக்குப் போன் செய். அப்போது வேறு மருந்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும் விஷயம் ஒன்று உண்டு. யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "ஸ்வாப்பினஸை 10 ஆக்கு, பறக்கும்" என்பதுதான். ஸ்வாப்பினஸ் என்பது கெர்னலில் நாம் மாற்றக்கூடிய ஓர் எண், இயல்பாக அது 60. ரேம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள்; அது தவறு. இடம் காலி செய்ய வேண்டிய நிலை வந்தால், நிரல்களின் நினைவகப் பக்கங்களைத் தள்ளுவதா, டிஸ்கிலிருந்து படித்து வைத்திருக்கும் ஃபைல் பக்கங்களைக் கைவிடுவதா என்று நிறுக்கும் தராசுதான் அது. மிகவும் குறைத்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் சொந்தக் கட்டளைகள் இருக்கும் ஃபைல் பக்கங்களையே கெர்னல் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த நொடியே அவற்றை மறுபடி டிஸ்கில் தேடும். உறைதல் அப்படியே இருக்கும், ஸ்வாப் மட்டும் காலியாகத் தெரியும். செய்தவருக்கும் பெருமையாக இருக்கும்.

உனக்குப் பலன் தருவது இசட்ரேம். ரேமிலேயே ஒரு பகுதியை ஸ்வாப்பாக வைத்து, அங்கே போகும் பக்கங்களைச் சுருக்கி அடுக்கும் ஏற்பாடு அது. விரித்தெடுக்கப் புராசஸருக்குக் கொஞ்சம் வேலை கூடும், ஆனால் டிஸ்கின் முள்ளை நம்பி நிற்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்தே இதை இயல்பாக வைத்திருக்கிறது. இதைப் போட்டபின் ஸ்வாப்பினஸைக் குறைக்கக் கூடாது, 100-க்கு மேல் ஏற்றலாம், 5.8 கெர்னலிலிருந்து 200 வரை இடம் கொடுத்திருப்பதும் இப்படிப்பட்ட வேகமான ஸ்வாப்பை மனத்தில் வைத்துத்தான்.

பென் டிரைவ் விவகாரம் தனி. டிசைன் ஃபைலைக் காப்பி செய்தால் சட்டென்று முடிந்ததாகக் காட்டிவிட்டு, வெளியே எடுக்கப் போனால் நிமிடக்கணக்கில் நிற்கவைக்கிறது அல்லவா? எழுத வேண்டியதைக் கெர்னல் முதலில் ரேமில் தேக்கிவைக்கிறது. கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதம் சேர்ந்ததும் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 சதவீதம் ஆனதும், எழுதுகிற நிரலையே பிடித்து நிறுத்திவிடும். உன் மெஷினில் அது ஒரு ஜிபியைத் தாண்டக்கூடும். வினாடிக்கு 10 எம்பி எழுதும் மலிவு பென் டிரைவுக்கு அது நூறு வினாடி வேலை. இந்த இரண்டு வரம்புகளையும் சதவீதத்தில் விடாமல், 64 எம்பி, 256 எம்பி என்று நேரடியாகக் கட்டிவிடு. எண்கள் என் கணிப்புத்தான். கூட்டிக் குறைத்துப் பார்.

எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம் என்று புராசஸரைப் பங்கிடுவதைப் பற்றி எழுதத் தொடங்கினால் தாள் போதாது, ஆனாலும் ஒருவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கான் கோலிவாஸ் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு மயக்க மருந்து மருத்துவர். ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கு நடுவே, வீட்டு மேசையில் இருப்பவனுக்காக லினக்ஸின் பங்கீட்டு முறையையே மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். 2007-இல் அவருடைய முறையை ஏற்காமல் இங்கோ மோல்னார் எழுதியது கெர்னலில் சேர்ந்தது. கோலிவாஸ் மனம் நொந்து விலகினார். நியாயமாகப் பங்கிடுவது என்ற அவருடைய எண்ணம் மட்டும் மோல்னாரின் முறைக்குள் இருந்தது, அதற்கு மோல்னார் நன்றியும் தெரிவித்திருந்தார். கோலிவாஸ் 2009-இல் இன்னொரு முறையோடு திரும்பி வந்தார் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி. 2023-இன் 6.6 கெர்னலில் மோல்னாரின் முறைக்கும் பதிலாக வேறொன்று வந்துவிட்டது. அதனால், யாரோ தட்டிக்கொட்டிய கெர்னலை இறக்கிப் போடும் அவசியம் இன்று உனக்கில்லை. பாதுகாப்புத் திருத்தங்களை அணைத்தால் வேகம் கூடும் என்று சொல்லிக்கொண்டு எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பு. அந்த மெஷினில்தான் உன் பேங்க் கணக்கும் ஓடுகிறது.

செலவு செய்தே தீருவேன் என்றால், எஸ்எஸ்டி ஒன்று, ரேம் இன்னொரு 8 ஜிபி. பெட்டியைத் திறந்து ரேம் டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பையனையே பார்த்துச் சொல்லச் சொல். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது. நோம்பிக்கு ஊருக்கு வரும்போது ஹார்டு டிஸ்கில் இருப்பதை எல்லாம் வேறொன்றில் எடுத்துவைத்துவிட்டு மெஷினைக் காரில் போட்டுக்கொண்டு வா. மானிட்டர் வேண்டாம், இங்கே இருக்கிறது.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்