சருகுகளை அள்ளாமல் விட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன ஞாயிறு காலை, மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில், கேமராவோடு புதரோரம் குப்புறப் படுத்திருந்தவன் நான்தான். துடைப்பத்தோடு நீங்கள் வந்தபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் அடுத்த பாத்திக்குப் போய்விட்டீர்கள். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தது எதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அது ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று நீலம், கண் வழியாகக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இந்தியில் நவரங் என்பார்கள். மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே நம் பக்கமும் இலங்கைக்கும் வரும். பயணம் எல்லாம் இரவில்தான். களைத்துப்போய் நகரத்துக்குள் இறங்கினால் காக்கைகள் விடாது.

அன்றைக்கு மேலே செம்மார்புக் குக்குறுவான் டொங்கு டொங்கென்று கூவிக்கொண்டிருந்தது, வால்காக்கையும் வந்தது. சரி, அவை தினம் பார்ப்பவை. இது மட்டும் தரையிலேயே இருந்தது. ஒரு சருகை அலகால் புரட்டும், நிற்கும், தலையைச் சாய்க்கும், அடுத்த சருகு. நான் பார்க்கவே ஒரு மண்புழுவை இழுத்து விழுங்கியது. நிழல் அடர்த்தியாக இருந்ததால் கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/125 நொடியைத் தாண்டவில்லை. ஃப்ளாஷ் போட மனம் வரவில்லை, அவ்வளவு தூரம் பறந்து வந்த உயிர். நாற்பது படங்களில் மூன்றுதான் தேறின, ஒன்றில் கண் அத்தனை தெளிவு.

அக்கா, அதற்குச் சாப்பாடு அந்தச் சருகுக்கு அடியில்தான் இருக்கிறது. ஈரம் காக்கும் மக்கிய இலை, அதில் புழு, பூச்சி, கறையான். பெருக்கித் துடைத்த தரையில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. பாதையைப் பெருக்குங்கள், நடப்பவர்களுக்கு வேண்டும். புதருக்குள் கிடப்பதை மட்டும் பங்குனி வரை விட்டுவைக்க முடியுமா? சூப்பர்வைசர் கேட்டால் நானே வந்து அவரிடம் பேசுகிறேன்.

அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டு வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு ஆறு மணிக்கெல்லாம் எடுத்து வருகிறேன். அப்புறம், குருவி இன்னும் அங்கேயே இருந்தால் உங்களுக்கு நேரிலேயே காட்டிவிடலாம்.

அன்புடன்,
புதரோரத்துத் தம்பி