அடுப்பு வாங்கும் முன் வடிகாலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபச் சமையற்கட்டுகளைச் சீர்படுத்தி, தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் அடைமழை மாதங்களில் வேலை கிடைக்காத கூலிக் குடும்பங்களுக்கும் மதியச் சாப்பாடு போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அவசியம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் நன்கொடை சேர்ந்ததும் பெரிய அடுப்பும் புது அண்டாவும் வாங்கிவிட்டுத்தான் பலர் மற்றதை யோசிக்கிறார்கள். பணம் முதலில் போக வேண்டியது தண்ணீர், வடிகால், கேஸ் குழாய், சரக்கு அறை ஆகியவற்றுக்கு.

மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதையே கொண்டால் 200 பேருக்கு 30 கிலோ அரிசி, 6 கிலோ பருப்பு, 15 கிலோ காய் வேண்டும். அரிசி ரேஷனில் கிடைத்துவிடுகிறது. ஏழை வீட்டில் இல்லாமல் போவது பருப்பும் காயும்தான். கை சுருங்கும்போது இவற்றில் கை வைக்கக் கூடாது.

சமையற்கட்டில் ஆபத்தான வேலை சோறு வடிப்பது. 15 கிலோ அரிசியை 60 லிட்டர் தண்ணீரில் வேகவைத்தால், அண்டாவோடு சேர்த்து 80 கிலோவை ஒட்டி வரும். கொதிக்கும் அந்தப் பாரத்தை இரண்டு பேர் துணியைப் பிடித்துச் சாய்க்கிறார்கள். தரை ஈரம், எதிரே ஆவி. கால் வழுக்கினால் போதும். இதற்குத் துளையிட்ட எவர்சில்வர் உள்கூடைகள் செய்துகொள்ளலாம். ஒரு கூடைக்கு 5 கிலோ அரிசி. சோறு மூன்று மடங்கு உப்பும் என்பதால் கூடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரிசி போடக் கூடாது. கூடையைத் தூக்கினால் கஞ்சி தானே வடியும், அண்டாவை அசைக்க வேண்டியதில்லை. அடுப்பும் உயரமாக இருக்கக் கூடாது. அண்டாவின் வாய் சமைப்பவரின் இடுப்புக்கு மேலே போகாதபடி பீடத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள்.

கேஸ் விஷயத்தில் நம் ஊர் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடம் தேடிப் போய்த் தேங்கும். நம் வீடுகளில் முற்றம் தாழ்ந்திருக்கும், அதிலேயே மழைநீர் போகும் வாய்க்காலும் இருக்கும். ஆகவே சிலிண்டரை முற்றத்தை ஒட்டி வைக்கவே கூடாது. பின்கட்டுக்கு வெளியே, தரையோடு காற்று புகுந்து போகும் கம்பிவலைக் கூண்டில், நிமிர்த்தி வைக்க வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஒன்றிலிருந்து பெரிய பர்னருக்கு வேகமாக எடுத்தால், உள்ளே திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து வெளியே வியர்க்கும், அழுத்தம் குறையும், பாதிச் சமையலில் தீ மங்கும். உடனே சிலிண்டரைச் சாய்ப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் நடக்கிறது. சாய்த்தால் திரவமே குழாய்க்குள் வந்து தீ சீறும். இரண்டு மூன்று சிலிண்டர்களைப் பொதுக் குழாயில் சேர்த்து ஒரே நேரத்தில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. இதற்கென்று அங்கீகாரம் பெற்றவர்களை வைத்தே செய்ய வேண்டும். தேக்கு உத்தரம் போட்ட கூரைக்குக் கீழே பெரிய பர்னர் வேண்டாம். எண்ணெய்ப் புகை ஏறிய மரம் சட்டென்று பற்றும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் அழகுதான், ஆனால் அது சிமென்ட் கல். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும், ஈரத்தில் வழுக்கும். அதைப் பந்திக் கூடத்தோடு நிறுத்திவிட்டு, சமைக்கும் இடத்தில் சொரசொரப்பான கிரானைட் போட்டு, மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கொடுங்கள். கஞ்சி நேராக உறிஞ்சுகுழிக்குப் போனால் மண்ணின் துளைகள் அடைத்து, சில மாதங்களில் குழி நிரம்பி நிற்கும். எண்ணெயும் கசடும் தங்க இடையில் ஒரு தடுப்புத் தொட்டி வேண்டும், அதை வாரம் ஒருமுறை அள்ள வேண்டும். கஞ்சியை மாட்டுக்கு ஊற்றலாம். ஆனால் முழுவதையும் ஒரே மாட்டுக்கு ஊற்றினால் வயிற்றில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்து. பல மாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

சரக்கு அறையில் மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். பழைய மூட்டை முன்னால் நிற்கட்டும்.

மிஞ்சிய சோற்றை அண்டாவிலேயே இரவு வைக்கும் பழக்கம் அடியோடு போக வேண்டும். சோற்றில் வரும் ஒரு கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. மெல்ல ஆறும் பெரிய குவியலில் முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. எல்லாச் சோற்றையும் ஒரே தடவையில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து, இரண்டாவதைத் தலை எண்ணிப் பார்த்து ஏற்றினால் மிச்சமே குறையும். பரிமாறி முடியும் வரை சோறும் குழம்பும் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இதைப் பார்க்கக் கம்பி வெப்பமானி ஒன்று போதும்.

தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். கடினத்தன்மை கூடிய நீரில் துவரம்பருப்பு எவ்வளவு எரித்தாலும் குழையாது, கேஸ்தான் தீரும். அப்படிப்பட்ட ஊர்களில் ஓட்டுக் கூரையின் மழைநீரைத் தொட்டியில் பிடித்து, முதல் மழையை வெளியே விட்டு, வடிகட்டிப் பருப்புக்கு வைத்துக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு அன்னதானக் கூடங்களுக்கும் உண்டு. அதை முதல் பந்திக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தேவகோட்டை