ஆளுநருக்கு இதில் பொறுப்பில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் மாநில அரசியல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘சட்டமன்ற உறுப்பினர்களின் நெறிமுறை அவையின் உள்விவகாரம், ஆளுநருக்கு அதில் வேலையில்லை’ என்றொரு வாக்கியம் இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த மாநிலத்தில் வரி கட்டி வாழ்பவள் நான். அந்த வரியைப் படித்துவிட்டு இதழை மூடி வைத்தவள், மறுநாள்தான் மீண்டும் எடுத்தேன்.

ஆளுநர் என்ற சொல்லே கட்டுரையாளரைக் குழப்பியிருக்குமோ என்று தோன்றுகிறது. இந்தியாவில் அவர் நியமிக்கப்படுபவர். இங்கே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், அவருக்குக் கீழே முதலமைச்சர் என்று ஒருவர் கிடையாது. வரவுசெலவுத் திட்டத்தை எழுதி அவைக்கு அனுப்புபவர் அவரே. மசோதா இறுதி வடிவில் மூன்று நாள் உறுப்பினர்களின் மேசையில் இருந்த பிறகே வாக்கெடுப்பு என்ற அரசியலமைப்பு விதியை, அவசரம் என்று சான்றளித்துத் தளர்த்தும் அதிகாரமும் அவருடையதே. தாங்கள் அறியாததல்ல இது.

அந்த மூன்று நாள் விதி எங்களுக்கு ஏட்டுச் செய்தி அல்ல. வாடகைக் குடியிருப்போர் நாற்பது பேர் பேருந்து பிடித்து மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போனோம். மாலையில் ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் மசோதாவின் பிரதி கேட்டபோது, அங்கிருந்த இளைஞர் வெறும் மேசையைக் காட்டி, தமக்கே இன்னும் வரவில்லை என்றார். இரவு பதினொரு மணிக்கு மேல், பார்வையாளர் மாடத்தில் நாங்கள் அமர்ந்திருக்க, கீழே கட்டுக்கட்டாகக் காகிதம் வந்து இறங்கியது. பாதிப் பக்கம் புரட்டுவதற்குள் வாக்கெடுப்பு முடிந்தது. எங்கள் மனு என் கைப்பையிலேயே ஊர் திரும்பியது.

ஆகவேதான், 2013 ஜூலையில் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ ஊழலை விசாரிக்க மோர்லேண்ட் ஆணையத்தை அமைத்தபோது மனதார நம்பினேன். ஒன்பது மாதம் நிறைவதற்குள், வரவுசெலவுப் பேரத்தில் சில சட்டத் திருத்தங்களைப் பெற்றுக்கொண்டு அதைக் கலைத்துவிட்டார். ஆணையத்தின் பணியில் அவருடைய அலுவலகம் தலையிட்டதை நியூயார்க் டைம்ஸ் 2014 ஜூலையில் விரிவாக எழுதியது. கோப்புகளை வாங்கிக்கொண்டு போனவர் மத்திய அரசின் வழக்கறிஞர் ப்ரீத் பராரா. பேரவைத் தலைவராக இருந்த ஷெல்டன் சில்வரும் செனட் பெரும்பான்மைத் தலைவராக இருந்த டீன் ஸ்கெலோஸும் 2015இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது மத்திய நீதிமன்றத்தில். 2017இல் அத்தீர்ப்புகள் ரத்தாகி, மறுவிசாரணையில் 2018இல் இருவரும் மீண்டும் தண்டிக்கப்பட்டதும் அங்கேதான். மாநிலம் தன் வீட்டைத் தானே கூட்டிப் பெருக்கவில்லை.

கியூமோ 2011இல் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான நெறிமுறை ஆணையத்தில், உறுப்பினர்களை நியமித்தவர்கள் ஆளுநரும் அவைத் தலைவர்களும்தாம். கண்காணிக்கப்பட வேண்டியவர்களே கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும்? பெருந்தொற்றின் நடுவே கியூமோ 51 லட்சம் டாலருக்குப் புத்தகம் எழுத ஒப்புதல் தந்ததும் அந்த ஆணையமே. அதை 2021 நவம்பரில், அவர் பதவி விலகிய பிறகுதான் திரும்பப் பெற்றது.

ஆளுநரால் எதுவும் ஆகாது என்பவர்கள் அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். கியூமோவுக்கு அடுத்து ஆளுநரான கேத்தி ஹோக்குல் 2022இல் வரவுசெலவுச் சட்டத்தோடு சேர்த்தே அந்த ஆணையத்தை ஒழித்துப் புதியதை நிறுவினார். நியமிக்கப்படுவோரைச் சட்டக் கல்லூரி முதல்வர்களின் குழு ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. கியூமோ தொடுத்த வழக்கிலும் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் அது செல்லும் என்றே தீர்ப்பளித்தது. முழுமையான சீர்திருத்தம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆளுநர் முனைந்தால் வழி திறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. முனையாமல் விட்ட ஆண்டுகளுக்கு அவர்கள்தாம் பதில் சொல்ல வேண்டும். தங்கள் கட்டுரையோ அந்தக் கேள்வியிலிருந்தே அவர்களை விடுவித்துவிட்டது.

அந்த ஒரு வாக்கியத்துக்கு, அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இரண்டு வரி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
குவீன்ஸ், நியூயார்க்