குப்பைமேட்டு வாசலைக் கட்டியவன்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியருக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் இதழில் நான் முதலில் புரட்டுவது தியானப் பகுதியைத்தான். அதில் ஒரு ஆதங்கம். 23ஆம் சங்கீதமும் 1 கொரிந்தியர் 13உம் மாறி மாறி வருகின்றன. வரட்டும், அவை தீராத ஊற்றுகள். ஆனால் நெகேமியா 3ஆம் அதிகாரத்தின் பக்கம் இதுவரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையே?

பெயர்ப்பட்டியல்தானே என்று நானும் பல வருடம் அதைத் தாண்டிப் போனவன்தான். எருசலேமின் அலங்கத்தில், அதாவது நகர மதிலில், யார் எந்தப் பங்கைக் கட்டினார்கள், 32 வசனமும் இவ்வளவுதான். பாதிப் பெயர் வாயில் நுழையாது. ஒருநாள் அவசரமில்லாமல் வாய்விட்டு வாசித்தேன். அப்போதுதான் ஆட்கள் கண்ணில் பட்டார்கள். தட்டான் கட்டுகிறான், தைலக்காரன் கட்டுகிறான். கல்லும் சாந்தும் பழகாத கைகள். 12ஆம் வசனத்தில் சல்லூம் தன் குமாரத்திகளையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.

தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று 5ஆம் வசனம் போட்டு உடைக்கிறது. சரி, அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் பங்கை முடித்துவிட்டு, 27ஆம் வசனத்தில் இன்னொரு பங்கையும் கட்டுகிறார்கள்! 'பெரியவர்களே வரவில்லை, நமக்கென்ன' என்று சபை வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்ட எனக்கு அந்த இடம் சுருக்கென்று பட்டது.

அப்புறம் மல்கியா. அவனும் ஒரு பிரபுதான். அவன் பங்குக்கு வந்தது குப்பைமேட்டு வாசல். நகரத்தின் அழுக்கெல்லாம் வெளியேறும் வழி. அதற்கும் கதவு, பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் போட்டு முடித்தான். 52 நாளில் அலங்கம் முழுதாக எழும்பிவிட்டது.

எரேமியா 38ஐயும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சேறு நிறைந்த துரவில், அதாவது கிணறு போன்ற குழியில், எரேமியா தீர்க்கதரிசி சாகக் கிடக்கிறார். அவரைத் தூக்கிவிட ராஜாவிடம் அனுமதி வாங்கி, 30 பேரோடு வருகிறவன் எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன். உயிர் போகிற அவசரம். ஆனாலும் அவன் அரமனையில் கந்தைத்துணி தேடி எடுத்துக்கொண்டு வருகிறான். கயிறு அறுக்காதபடி அதை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்கிறான். மெலிந்த உடம்பைக் கயிறு என்ன செய்யும் என்று அந்த நேரத்திலும் யோசித்திருக்கிறான் பாருங்கள். உதவுகிறேன் என்று போய் நாம் எத்தனை பேருடைய தோலை உரித்திருக்கிறோமோ.

ஒரு பயமும் உண்டு. மூலையில் கிடக்கும் வசனம் என்றாலே சிலர் ரகசியம் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். எழுத்துகளை எண்ணுகிறார்கள், பெயர்களைக் கூட்டிப் பெருக்குகிறார்கள். 1 நாளாகமம் 4இல் இரண்டே வசனத்தில் வந்துபோகும் யாபேஸின் ஜெபம் இன்று பலருக்கு வீடும் நிலமும் கேட்கும் மனு. அப்படிப்பட்ட தியானம் வருவதற்கு 23ஆம் சங்கீதமே மேல்.

அடுத்த இதழில் ரோமர் 16இல் தொடங்கலாமே. பவுல் சொல்லச் சொல்ல அந்த நீண்ட நிருபத்தை எழுதியவன் தெர்தியு. கை வலிக்க எழுதி, 22ஆம் வசனத்துக்கு வந்த பிறகுதான் 'நானும் உங்களை வாழ்த்துகிறேன்' என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்கிறான்.

அன்புடன்,
ஒரு வாசகர்