களிம்பில் மெழுகுவத்தி இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வடசென்னை ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வந்துபோகிற எல்லோருக்கும் நம் எண்ணெய்க் கடையைத் தெரியும், அதனால் அறிமுகம் வேண்டாம். இந்த மடல் எதற்கு என்பதும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மூன்று வாரமாக ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. எனக்கே ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். அனுப்பிவிட்டு, "அண்ணே, இது நம்ம கடையா?" என்று கேள்வி வேறு. ஆமாம், நம்ம கடைதான்.

அதில் சொல்லப்படுவது மூன்று. நம் பித்தவெடிப்புக் களிம்பில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றுகிறோமாம். தேங்காய் எண்ணெயில் டால்டா கலக்கிறோமாம், அதனால்தான் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட வருவதில்லையாம். மூன்றாவது, "அவங்க அப்பா இருந்த வரைக்கும் சரக்கு சுத்தம், பையன் கைக்கு வந்துச்சு, எல்லாம் போச்சு." பேசியது யார் என்று நான் தேடவில்லை. நம் கடை வாசலில் நின்று நிறைய நாள் பேசிய குரல் போலத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

டால்டா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழியிலும் தையிலும் நம் ஊரில் விடியற்காலை 20, 21 டிகிரி வரை இறங்கும். கடற்கரை ஓரம் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிற வீட்டில் எண்ணெய் உறையாமல் இருந்தால்தான் என்னிடம் வந்து கேட்க வேண்டும். வெந்நீர்ச் சொம்பில் பாட்டிலை ஐந்து நிமிடம் வையுங்கள், போதும்.

களிம்பு கதை கொஞ்சம் நீளம்.

போன வாரம் காலை பத்து மணி இருக்கும். காசிமேட்டில் ஏலம் முடித்துவிட்டு வருகிற ஒரு அக்கா, புடவைத் தலைப்பு நனைந்தபடியே கடைக்கு வந்தார். டப்பாவைத் திறந்து, கொண்டையிலிருந்து ஊசியை உருவி, களிம்பைக் கீறிக் காட்டினார். "இன்னாண்ணே இது, ரவை மாதிரி நெருநெருன்னு கீது?" கீறிய இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் குருணை இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒரு குருணையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, கையை மூடிக்கொண்டு பத்து எண்ணச் சொன்னேன். ஏழிலேயே திறந்து பார்த்துவிட்டார். ஒன்றும் இல்லை, எண்ணெய்ப் பளபளப்பு மட்டும்தான். "மெழுகுவத்தி கையில உருகுமாக்கா?" என்று கேட்டேன். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உப்புப் பூத்து, ஐஸ் அள்ளி அள்ளி வெளுத்துப்போன கை. "என் கையில எதுதான்ணே உருகும்" என்றார்.

குருணை வருவதன் காரணம் இது. களிம்பில் இருக்கும் கொழுப்புகள் எல்லாம் ஒரே சூட்டில் உறைவதில்லை. சில முந்தி உறையும், சில பிந்தி. பகலில் வெயில் படுகிற அலமாரியில் களிம்பு இளகி, ராத்திரி பனியில் மெதுவாக ஆறினால், முந்தி உறைகிறவை தனியாகச் சேர்ந்து மணி மணியாகிவிடும். கோகம் வெண்ணெய், அதாவது கோகம் பழக் கொட்டையின் கொழுப்பு, சேர்த்த களிம்பிலும் இது வரலாம். கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, தடவினால் கரைந்துவிடும். உறுத்துகிறது என்றால் டப்பாவை வெந்நீரில் வைத்து முழுக்க உருக்கி, உடனே ஃபிரிட்ஜில் வைத்து வேகமாக ஆறவிடுங்கள். மழமழவென்று வந்துவிடும்.

மெழுகு இருக்கிறதா என்றால், இருக்கிறது. தேன்மெழுகு. அது உருகவே 62 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால்தான் சித்திரை வெயிலிலும் களிம்பு தண்ணீராக ஓடாமல் நிற்கிறது. அத்தோடு வெள்ளை வாஸ்லினும் இருக்கிறது. டப்பாவின் அடியில் 'பெட்ரோலாட்டம்' என்று போட்டிருப்பது அதுதான். பொடி எழுத்து என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன், டப்பா சின்னது. பெட்ரோலிலிருந்து வருவதைக் காலில் பூசுவதா என்று பதறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ என்பவர் எண்ணெய்க் கிணற்றுப் பம்புத் தண்டுகளில் படிகிற பிசுக்கைச் சுத்தம் செய்து, 1872இல் காப்புரிமை வாங்கிய சரக்கு அது. நன்றாகச் சுத்திகரித்த வாஸ்லினைத் தோல் மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள். தோலிலிருந்து ஈரம் ஆவியாகிப் போவதைத் தடுப்பதில் நம் ஊர் எண்ணெய் எதுவும் அதன் பக்கத்தில் வராது. எண்ணெய் விற்கிற நானே சொல்கிறேன்.

இனி அந்த மூன்றாவது விஷயம். அப்பா 1974இல் கடை போட்டார். அவருடைய பச்சை அட்டை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. களிம்புக் கணக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே 'வெ.வா. 400 கிராம்' என்று இருக்கிறது. வெ.வா. என்றால் வெள்ளை வாஸ்லின். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்பா காலத்து டப்பாவில் லேபிளே கிடையாது, ஒரு ரோஜாப் பூப் படம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடிக்க ஆரம்பித்தது நான். அச்சடித்த வார்த்தையைப் படித்துவிட்டுத்தான் இன்றைக்கு என்னைக் கலப்படக்காரன் என்கிறார்கள். அப்பாவைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். செக்கு அதே மாதவரம் செக்கு. தேன்மெழுகு அதே ராசப்பா செட்டித் தெருக் கடையிலிருந்து. நானாகச் சேர்த்தது கோகம் வெண்ணெய் ஒன்றுதான், அதுவும் நன்றாக வழுக்கிக்கொண்டு பரவட்டும் என்றுதான்.

கோபத்தில் நிறைய எழுதிவிட்டேன். களிம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அதைப் பூசுகிற விதம்தான் தப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

காய்ந்த தோலில் களிம்பு பூசுவது, காலிப் பானைக்கு மூடி போடுவது மாதிரி. களிம்பு ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைப் பூட்டிவைக்கும். குளித்து முடித்துத் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் சில்லென்று இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும். பனிக்காலத்தில் கீசரைக் கொதிக்கக் கொதிக்க வைத்து அரைமணி நேரம் குளிக்கிறீர்கள், பிறகு கால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். தோலின் மேலடுக்கில் செங்கலுக்கு நடுவே சாந்து மாதிரி கொழுப்பு இருக்கிறது. கொதிநீரும் சோப்பும் அந்தச் சாந்தைத்தான் கரைக்கின்றன. வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடம், சோப்பு அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் மட்டும் போதும். புளிப்பையும் காரத்தையும் அளக்கிற பி.எச். கணக்கில் 7க்கு மேலே காரம், கீழே புளிப்பு. சாதாரண சோப்பு 9, 10 வரை போகும், நம் தோலோ 5 பக்கத்தில் புளிப்பாக இருக்க விரும்புகிறது. நாம் விற்கிற சோப்பும் இதில் சேர்த்திதான்.

ஐஸ், உப்புத் தண்ணீர், சோடாக்காரம் என்று கை வைக்கிற தொழில்காரர்கள் வேலைக்கு முன்பே ஒரு பூச்சு பூசிக்கொள்ளுங்கள். முடிந்ததும் உப்பு போக நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றி, மறுபடி ஒரு பூச்சு. ராத்திரி தடிமனாகப் பூசி, பழைய பருத்திச் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு படுத்தால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். அந்த அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன். "சாக்ஸு கையிலயா?" என்று சிரித்துவிட்டுத்தான் போனார். நேற்று இன்னொரு டப்பா வாங்கப் பையனை அனுப்பியிருந்தார்.

குதிகால் மிகவும் தடித்துப்போயிருந்தால் நம் களிம்பு மட்டும் பத்தாது. யூரியா கலந்த கிரீம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், அதை வாங்குங்கள், நம்மிடம் இல்லை. வெடிப்பில் பூசினால் எரியும், அதனால் ஆறிய பிறகு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பிளேடால் சீவுவது, கல்லில் தேய்ப்பது எதுவும் வேண்டாம். வெடிப்பு தெரிந்தால் நேரே டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

குழந்தைக்குத் தடவ ஆலிவ் எண்ணெய் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை, அதுவும் ஒரு மனக்குறையாக இருக்கிறது போலும். பெரியவர்களின் தோலில் தடவிப் பார்த்து 2013இல் வந்த ஒரு ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைக் கெடுத்தது, சூரியகாந்தி எண்ணெய் கெடுக்கவில்லை. பெரியவர்களுக்கே அப்படியென்றால் பச்சைக் குழந்தைக்கு எதற்கு? வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் டஜன் கணக்கில் வாங்கிப்போகிற அப்பா அம்மாக்களுக்குத் தனியாக ஒரு நன்றி. பெரம்பூரிலிருந்து வருகிற ஒரு ரிட்டயர்டு ஐ.சி.எஃப். (ரயில்பெட்டித் தொழிற்சாலை) ஐயா வருடாவருடம் டிசம்பரில் பன்னிரண்டு டப்பா வாங்குவார். அங்கே பனி விழுகிறதே, அப்புறம் எப்படித் தோல் காய்கிறது என்று கேட்டார். குளிர்ந்த காற்றால் அதிகம் ஈரம் சுமக்க முடியாது. வெளியே 0 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கிற காற்றையே வீட்டுக்குள் 22 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் கால் பங்குக்கும் கீழே போய்விடும். ஹீட்டர் ஓடுகிற அறை அப்பளம் காயப்போடுகிற மொட்டைமாடி மாதிரிதான். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அறையில் ஈரப்பதம் கூட்டுகிற கருவி, கம்பளி நேராக உடம்பில் படாமல் உள்ளே ஒரு பருத்திச் சட்டை, வெளியே கிளம்பும் முன் உதட்டிலும் கன்னத்திலும் ஒரு பூச்சு. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டே இருந்தால் எந்தக் களிம்பாலும் காப்பாற்ற முடியாது.

கடைசியாக நம் வீட்டு விஷயம். இருபது வருடமாகக் களிம்பு கிண்டிய நம் அக்கா ஐப்பசியில் மகள் வீட்டோடு கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டார். அவர் கைக்குத் தராசே தேவையில்லை. புதுத் தம்பி கற்றுக்கொண்டிருக்கிறான், நல்ல பையன். நவம்பர் கடைசியில் நிரப்பிய சில பச்சை மூடி டப்பாக்களில் எலுமிச்சம்புல் தைலம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, பூசிய இடம் சிவந்தாலோ அரித்தாலோ நிறுத்திவிட்டு, பாதி தீர்ந்திருந்தாலும் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். இனி வாசனையே போடாத டப்பா ஒன்றும் வைக்கப்போகிறோம், வெள்ளை மூடி.

மழை வெள்ளத்தில் கடைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோது சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொடுத்தவர்கள் நீங்கள். மெட்ரோ வேலைக்குச் சாலையைத் தோண்டிப்போட்டிருந்த வருடங்களில் சுற்றிக்கொண்டு வந்து வாங்கியவர்கள். அந்தக் குரல் பதிவின் கீழேயே, "நாங்க முப்பது வருசமா பூசறோம், போய் வேலையப் பாரு" என்று பதில் போட்ட அம்மா யார் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். வந்தால் ஒரு காபி என் செலவு.

கல்லா மேஜையில் இனி எப்போதும் ஒரு வெந்நீர்ச் சொம்பு இருக்கும். சந்தேகம் உள்ளவர்கள் டப்பாவோடு வரலாம், கொண்டை ஊசியோடும் வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் கல்மண்டபம் எண்ணெய்க் கடைக்காரர்

பி.கு.: 2025இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். களிம்பு விலையை ஏற்றவில்லை. டப்பா இனி 80 கிராம்.